நீராழித் தெருவுக்குக் குடிவந்தவர்கள்

பூவனேரியில் அந்த ஆண்டு ஆனிச் சாரல் தொடங்கிய திங்கட்கிழமை காலையில், முந்தின நாள் வரைக்கும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கருவேலங்காடாகக் கிடந்த இடத்தில் ஒரு தெரு இருந்தது. இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசிய ஓட்டு வீடுகள், நடுவில் கல் பாவிய பாதை, ஓரமாகத் தெளிந்த தண்ணீர் ஓடும் வாய்க்கால், பாதி தூரத்தில் ஒரு உறைகிணறு, தெருமுனையில் ஒரு கல், கல்லில் ‘நீராழித் தெரு’ என்ற எழுத்து, எல்லாம் ஏதோ நூறு வருஷமாக மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த மாதிரி பாசி பிடித்து, காரை உதிர்ந்து, பழகிய முகத்தோடு இருந்தன. முதலில் பார்த்தவர் பேருந்து நிலையத் தேநீர்க்கடை செய்யது பாய். பார்த்துவிட்டு, “ராவோட ராவா வேலைய முடிச்சிட்டானுவோ போலுக்கு” என்று சொல்லிக்கொண்டே பால் காய்ச்சப் போய்விட்டார்.

முதலில் நாய்கள் குடிபோயின. அப்புறம் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்ததும் பெண்கள் குடத்தோடு போனார்கள். தண்ணீர் சுவையாக இருக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்று மதியத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவியது. கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தோடு வந்து, அதை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, அரசாங்கத்துக்குத் தெரிந்தவரை இது கருவேலங்காடுதான் என்று சொல்லி, ஒரு வாய்க்கால் சுவர் மேல் உட்கார்ந்து அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். சாரல் காலம் தவறாமல் குடிசைக்குள் வெள்ளம் வந்து பானை சட்டி மிதக்கும் கால்வாய்க்கரைக் குடும்பங்கள், யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல், அன்று பொழுது சாய்வதற்குள் அடுப்பையும் ஆட்டையும் சாமி படத்தையும் தூக்கிக்கொண்டு அந்த வீடுகளில் ஏறிக்கொண்டன. ஒரு தெரு வந்தால் அதில் ஆள் இருக்க வேண்டும் என்பது ஊரின் எண்ணம். எப்படி வந்தது என்று கேட்பதற்குச் சாரல் நின்றபின் நேரம் கிடைக்கும்.

அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னவள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலி ஜெபக்கனி. அவள் செல்போனில் தொடர்கதை படிக்கிறவள். கிணற்றடிக்கு வந்தவள் தெருப்பெயரைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். “இது சாரல்பித்தன் கதையில வார தெருல்லா! அந்த நாலாவது வீட்டுப் படிய பாருங்க, ஒரு கல்லு ஆடணும்” என்றாள். போய் மிதித்துப் பார்த்தார்கள். ஆடியது.

அதன்பிறகு செய்யது பாய் கடையில் தினமும் காலையில் அந்தக் கதையை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கதையில் நீராழித் தெரு என்றொரு தெரு. ஆற்றோடு போனவர்கள் சிலர் அங்கே திரும்பி வந்து உயிரோடு இருப்பவர்களோடு சேர்ந்து வாழ்வார்கள். அப்படித் திரும்பி வந்தவன் ஒருவன், வெள்ளத்துரை என்று பெயர், சிற்றாற்று வெள்ளத்தில் லாரியோடு போனவன். அவன் மேல் உயிராக இருக்கும் இன்னொருவன், பெயர் சொல்லப்படாதவன், கண்ணாடி விற்கிறவன். இரண்டு ஆண்கள். கதையைக் கேட்டவர்களில் சிலர் இதைக் கேட்டதும் எழுந்து போனார்கள். எழுந்து போனவர்களில் பாதிப் பேர் அடுத்த நாள் வந்து, விட்ட இடத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

கேட்டால் பதில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஏனென்றால் கதையில் தெருதான் வளர்ந்துகொண்டே போனதே தவிர, அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரு அத்தியாயம் முழுக்க வாய்க்கால் எப்படிக் கட்டினார்கள் என்று இருந்தது. இன்னொன்று முழுக்க ஓடு மாற்றியது. வெள்ளத்துரை கண்ணாடிக்கடையைப் பார்த்து நடந்து வருவான், அவன் வாயைத் திறக்கும் இடத்தில் அத்தியாயம் முடிந்துவிடும். வாசகர்கள் கீழே எழுதியிருந்தார்கள்: தெரு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, ஆனால் இவர்கள் எப்போதுதான் பேசுவார்கள்?

சாரல்பித்தன் யார் என்று ஊருக்குத் தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உச்சிமாகாளிக்குத் தெரியும், ஏனென்றால் அது அவன்தான்.

மாகாளிக்கு முப்பத்தாறு வயது. ஊரில் பாதிப் பேருடைய பார்வை அவன் கையால் சரியானது. யாருக்கு எந்தக் கண்ணில் என்ன குறை என்று தெரிந்தவன், தன்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டான். பெண் பார்க்கப் போன வீடுகளில் காபியைக் குடித்துவிட்டு, “ஜாதகம் பொருந்தல” என்று அவனே சொல்லிவிட்டு வந்துவிடுவான். அம்மா பேச்சியம்மாள், பீடி சுற்றும் பெண்களுக்காகக் கம்பெனிக்காரர்களிடம் கையை நீட்டிப் பேசுகிறவள், ஊரில் யாருக்கும் பயப்படாதவள். ஒருநாள் மகன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெண் பார்க்கும் பேச்சை நிறுத்தினாள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடையைத் திறக்கும் முன் விடியற்காலையில் அவன் செல்போனில் எழுத ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். தெருவை எழுதும்போது அவன் விரல் ஓடியது. எப்படியாவது இரண்டு பேர் இருக்க ஒரு இடம் வேண்டுமே என்று கல் கல்லாக அடுக்கினான். அந்த இரண்டு பேரை எழுத வரும்போது மட்டும் விரல் நின்றுபோனது, உடனே ஒரு வாய்க்காலையோ ஒரு மாடக்குழியையோ எழுதி அந்த இடத்தைத் தாண்டிப் போனான்.

தெரு வந்த அன்று அவன் கடையைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தபோது எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் வெள்ளத்துரை நின்றிருந்தான்.

மாகாளி எழுதியிருந்தபடியேதான் அவன் இருந்தான். நெடுநெடுவென்ற உயரம், லாரி ஓட்டிக் கறுத்த வலது கை, நீலச் சட்டை, சட்டையில் எப்போதும் காயாத ஈரம், பக்கத்தில் போனால் புதுவெள்ளத்து மண்வாசனை. வெயில் அடித்தாலும் நிழல் விழவில்லை. மாகாளி ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டான். வெள்ளத்துரை மாலை வரை நின்றுவிட்டுத் தெருவுக்குத் திரும்பிப் போனான். அடுத்த நாளும் வந்தான்.

ஊர் அவனையும் ஏற்றுக்கொண்டது. சந்தைக்கு வரும் லாரிகளைப் பின்னால் எடுக்க அவனைக் கூப்பிட்டார்கள், அவன் கை வைத்தால் எப்படிப்பட்ட சந்திலும் வண்டி திரும்பியது. செய்யது பாய் டீ கொடுத்தார். நிழல் இல்லாதவன் என்று பிள்ளைகள் அவனோடு நிழல் மிதிக்கும் விளையாட்டு விளையாடி, ஒருபோதும் அவனைத் தோற்கடிக்க முடியாமல் அழுதார்கள். ஒரு நாள் செய்யது பாய் கேட்டார்.

“எய்யா, ஒனக்கு சொந்தபந்தம் யாரு?”

“இன்னும் எழுதலையே, பாய்.”

“என்ன சாப்பாடு புடிக்கும்?”

“அதுவும் எழுதல. கொடுத்தா திங்கேன்.”

“அந்தக் கடைய ஏன் பாத்துக்கிட்டே நிக்கே?”

“அது எழுதியிருக்கு” என்றான் வெள்ளத்துரை. சொல்லும்போது சிரித்தான். கடையில் இருந்தவர்கள் திரும்பிக் கண்ணாடிக்கடையைப் பார்த்தார்கள், பாதி இறக்கிய ஷட்டரைப் பார்த்தார்கள். சாரல்பித்தன் யார் என்று அன்றைக்கு யாரும் யாரிடமும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துபோனது.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் கடைக்கு வந்தாள். ஷட்டரை முழுக்கத் தூக்கினாள்.

“வாசல்ல ஒருத்தன் நனைஞ்சுபோய் நிக்கான். உள்ள வான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? நான் ஒன்ன அப்படியா வளத்தேன்?”

“அம்மா, அது…”

“எல்லாம் எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். பேசாம இரு.” அவள் படியில் இறங்கி, சாலையைக் கடந்து, வேப்பமரத்தடிக்குப் போனாள். “வாய்யா, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ.”

“சரி அத்தை” என்றான் அவன்.

எங்கள் பக்கத்தில் வயசான பெண் யாரையும் அத்தை என்று கூப்பிடலாம்தான். ஆனாலும் பேச்சியம்மாள் ஒரு கணம் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அன்று அவன் அவியலை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மாகாளி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆனால் அவியல் பிடிக்கும் என்று தான் எங்கேயும் எழுதவில்லை என்பது மாகாளிக்குத் தோன்றியது, தோன்றி, அது என்னவென்று தெரியாமல் நெஞ்சுக்குள் கிடந்தது.

அதிலிருந்து அவன் தினமும் சாப்பிட வந்தான். பேச்சியம்மாள் அவன் சட்டையை வாங்கிப் பிழிந்து கொடியில் போடுவாள், அது காயாது, அவள் மறுபடி பிழிவாள். மாகாளி தண்ணீர் எடுத்து வைப்பான். ஒருநாள் வெள்ளத்துரை தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது இரண்டு பேர் விரலும் பட்டது. மாகாளி மறுநாள் கிணற்று ராட்டினத்தைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதினான்.

ஆவணி பிறந்ததும் பேரூராட்சித் தலைவர் குத்தாலிங்கம் கண்ணாடி மாற்ற வந்தார். அரிசி ஆலை முதலாளி, சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். நீராழித் தெருவின் முனை வீட்டுக்குப் பூட்டுப் போட்டு நெல் மூட்டை அடுக்கியிருந்தார். மாகாளி அவர் கண்ணில் கண்ணாடியை மாட்டிச் சரிபார்க்கும்போது அவர் நிதானமாகச் சொன்னார்:

“தம்பி, அந்தத் தெருவ ஊர்க்கணக்குல சேக்கலாம்னு இருக்கேன். கரண்டு வரும். அந்தச் சனங்களுக்குப் பட்டா வாங்கிக் குடுக்கலாம். எல்லாம் நடக்கும். ஆனா மேல இருந்து அதிகாரி வந்து, இது என்ன தெருன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ரெண்டு ஆம்பளைக்காக வந்த தெருன்னா சொல்ல முடியும்? தெருவுக்கு ஒரு மரியாத வேணும்லா.”

“நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?”

“ஒண்ணும் பெருசா இல்ல. அந்தப் பையனுக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வையி. கதையிலதான? ஒரு பத்தி எழுதினாப் போதும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒனக்கும் நல்லது, ஒங்கம்மைக்கும் நல்லது.”

அவர் போனபிறகு மாகாளி நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். கால்வாய்க்கரையில் பானை மிதந்த வீடுகளை நினைத்தான். பட்டா என்ற சொல்லை நினைத்தான். தனக்கு வேண்டியதைக் கேட்பது என்பது அந்தச் சனங்களின் கூரையைப் பிடுங்குவது என்று அவனுக்கே அவன் சொல்லிக்கொண்டான். உண்மையில் கூரையைவிட அவனுக்கு வேறு ஒன்று பயமாக இருந்தது, வெள்ளத்துரை ஒருநாள் அவன் எதிரில் நின்று வாயைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம், அதற்கு இந்த நல்ல காரணம் போர்வையாகக் கிடைத்தது. விடியற்காலையில் எழுதினான். செண்பகவடிவு என்று ஒரு பெண், பக்கத்து ஊர், நல்ல குடும்பம், வெள்ளத்துரை அவளைக் கண்டு மனம் பறிகொடுத்தான், பெரியவர்கள் முன்னிலையில் நிச்சயம் நடந்தது. ஒரே பத்தி. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு அனுப்பினான்.

வெயில் ஏறுவதற்குள் ஜெபக்கனி மூச்சிரைக்க ஓடிவந்தாள். இப்போது அவளும் நீராழித் தெருவில்தான் குடியிருந்தாள்.

“அண்ணே, என்ன எழுதித் தொலைச்சிய? செவரு எல்லாம் வெடிக்கி!”

போய்ப் பார்த்தார்கள். காரையில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு விரிசல். ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வாய்க்கால் நின்றுபோயிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. சுவரைத் தொட்டால் காகிதம் மாதிரி மெத்தென்று உள்ளே போனது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். முனை வீட்டுக் கூரை நெல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டது.

தெரு நடுவில் வெள்ளத்துரை நின்றிருந்தான். அவன் சட்டை காய்ந்து, இஸ்திரிப் பெட்டி போட்ட மாதிரி விறைப்பாக இருந்தது. மண்வாசனை இல்லை. பேச்சியம்மாள் அவன் கையைப் பிடித்து, “எய்யா, என்ன செய்யுது ஒனக்கு?” என்று கேட்டாள்.

“அம்மையீர், தங்கள் அன்புக்கு நன்றி” என்றான் அவன். “எனது திருமணம் வருகின்ற தை மாதம் நடைபெறவுள்ளது. தாங்கள் அவசியம் வருகை தர வேண்டும்.”

பேச்சியம்மாள் கையை விட்டாள். “இவன் என்ன ரேடியோல சேதி வாசிக்கான்?” என்று சொன்னவளின் குரல் உடைந்தது. ஊரில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. “மாகாளி! இவன் என்னய அத்தைன்னு கூப்பிடல, பாத்தியா. அம்மையீர்ங்கான். யாருலே இவன்?”

கண்ணாடிக்கடை வாசலில் ஊர் கூடிவிட்டது. வெள்ளத்துரை எதிரே வேப்பமரத்தடியில் விறைப்பாகவே நின்றான். நீராழித் தெருவின் எல்லாக் குடும்பமும், செய்யது பாயும், பீடி சுற்றும் பெண்களும், நெல் நனைந்த கோபத்தில் குத்தாலிங்கமும். பூவனேரி வரலாற்றில் முதல்முறையாக ஒரு தொடர்கதையை எப்படி எழுத வேண்டும் என்று ஊர்க்கூட்டம் நடந்தது.

“தெருவத் தொடாதிய” என்றார் ஒருவர். “காதல் கீதல் எல்லாம் எப்படியும் போகட்டும், செவரு நிக்கணும்.”

“காதலத் தொட்டதாலதான் செவரு வெடிச்சிருக்கு” என்றாள் ஜெபக்கனி. “இவரு ஆரம்பத்துல இருந்தே தெருவத்தான் எழுதுதாரு. அதுக்குள்ள அடி ஆழத்துல என்ன கெடந்துச்சுன்னு படிக்கிறவளுக்குத் தெரியும். அத உருவிட்டா எப்படி நிக்கும்?”

“அப்ப வெறும் காதலா எழுதச் சொல்லுதியா? எனக்குக் கூரை வேணும்!”

“ரெண்டும் ஒண்ணுதான் மாமா. அந்தப் பையன் இவருக்காக வந்தான், வந்ததுக்கு ஒரு தெருவையும் கூடக் கொண்டாந்தான். நீங்க கூரைக்குக் கீழ நிம்மதியா ஒறங்கினது அதனாலதான்.”

கால்வாய்க்கரையிலிருந்து வந்த ஒரு வயதான மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அப்ப பழையபடியே எழுதச் சொல்லுங்க” என்றார். “ரெண்டு ஆம்பளையா இருந்தா என்ன இப்ப? நல்லாத்தான இருந்துச்சு.” ஆமாம், நல்லாத்தான் இருந்துச்சு என்று நாலைந்து பேர் சொன்னார்கள். சொன்னபிறகுதான் தாங்கள் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. தெரிந்தும் யாரும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

குத்தாலிங்கம் மட்டும், “ஊரு கேவலமாப் பேசும்” என்றார்.

பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். “ஊரு இங்கதான அண்ணாச்சி நிக்கி. நீங்களே கேளுங்க, யாரு பேசுதான்னு பாப்போம். என் மகன் ஒரு தெருவையே கொண்டுவந்தான். இந்த ஊருல வேற எவன் மகனாவது ஒரு செங்கலக் கொண்டுவந்தானா?”

மாகாளி அதுவரை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தான். அம்மாவின் குரல் கேட்டதும் அவனுக்குள் பல வருஷமாக மடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று நிமிர்ந்தது. செல்போனை எடுத்தான். எல்லோர் முன்னிலையிலும் செண்பகவடிவை, அவள் நல்ல குடும்பத்தை, நிச்சயத்தை, எல்லாவற்றையும் அழித்தான். மரத்தடியில் நின்றவனின் சட்டையில் முதலில் தோளிலும் பிறகு முதுகிலும் ஈரம் படர்ந்தது. மண்வாசனை சாலையைக் கடந்து வந்தது.

“இனிமே அவன் என்ன பேசுவான்னு எழுது” என்று யாரோ சொன்னார்கள். “சீக்கிரம் எழுது.”

மாகாளி விரலை வைத்தான். அவன் நினைத்தால் இப்போது எது வேண்டுமானாலும் எழுதலாம். உன்னைத்தான் விரும்புகிறேன் என்று எழுதினால் அவன் அப்படியே சொல்வான். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை கல்லையும் அடுக்கினான். ஆனால் செந்தமிழில் கல்யாணத்துக்கு அழைத்த அந்தக் குரல் காதில் இருந்தது, அது தன் கையால் வந்த குரல் என்பதும் தெரிந்தது. செல்போனைக் கல்லாவில் கவிழ்த்து வைத்துவிட்டு, படியிறங்கி, ஊர் விலகி வழிவிட, சாலையைக் கடந்தான்.

“வெள்ளத்துரை” என்றான். அந்தப் பெயரை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. “இதுக்கு மேல ஒன் பேச்ச நான் எழுதல. நீ என்ன சொல்லணுமோ சொல்லு. போணும்னாலும் போ. கடையப் பாத்து நிக்கணும்னு எழுதினது நான். அந்த வரியையும் வேணும்னா அழிச்சிருதேன்.”

வெள்ளத்துரை சட்டையின் நுனியைப் பிழிந்தான். தண்ணீர் சொட்டியது.

“கடையப் பாத்து நில்லுன்னு எழுதினே, சரி. கடைக்குள்ள யாரப் பாக்கணும்னு நீ எழுதலையே” என்றான். “எனக்கு அவியல் புடிக்கும்னு எழுதினியா? ஒங்கம்மைய அத்தைன்னு கூப்பிடச் சொல்லி எழுதினியா? செம்பு வாங்கும்போது கையத் தொடச் சொன்னியா? நீ கூச்சப்பட்டு விட்ட எடத்துலதாம்லே நான் இருந்தேன். அங்க உக்காந்து நானா யோசிச்சு வச்சதுதான் எல்லாம்.”

மாகாளி ஒரு எட்டு முன்னால் வந்தான்.

“நீ வாய்க்கால எழுதிக்கிட்டு இருந்தே. நான் ஒன்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றான் வெள்ளத்துரை. பட்டப்பகலில், பெரிய தெருவில், சந்தைக்குப் போகிற வண்டிகள் ஒதுங்கி நிற்க, மாகாளியின் கையைப் பிடித்தான். அந்தக் கை குளிர்ந்து, ஆற்றங்கரை மணல் மாதிரி இருந்தது. மாகாளி விலக்கவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று ஒரு நொடி தோன்றியது, தோன்றியதும், பார்க்கட்டும் என்று அவன் இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

நீராழித் தெருவில் வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டதும் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். சுவர் விரிசல் எல்லாம் உடனே கூடிவிடவில்லை. வெள்ளத்துரையும் மாகாளியும் தெருக்காரர்களுமாகச் சுண்ணாம்பு குழைத்து ஒரு மாதம் பூசினார்கள். பூசிக்கொண்டே பேசினார்கள். அதற்கப்புறம் மாகாளி எழுதிய அத்தியாயங்களில் ஓடு மாற்றுகிற வரியிலேயே ஒருவன் தோளில் இன்னொருவன் சாய்வதும் இருந்தது, கிணற்றில் தூர் வாரிய பத்தியிலேயே முத்தமும் இருந்தது, சேற்றுக் கையோடு கொடுத்தது. எழுதிவிட்டு வெள்ளத்துரையிடம் படித்துக் காட்டுவான். “நான் இப்படிச் சொல்லலையே” என்று அவன் சொன்னால் மாற்றுவான். ஜெபக்கனி கீழே ஒரே வரி எழுதினாள்: இப்பத்தான் தெருவுல ஆள் நடமாட்டம் தெரியுது. இப்படிப்பட்ட கதைகளில் ஆற்றோடு போனவன் கடைசியில் விடைபெற்றுப் போய்விட வேண்டும், அதுதான் வழக்கம் என்று வெளியூர் வாசகர்கள் சிலர் எழுதினார்கள். அவனுக்குப் போகிற உத்தேசம் இல்லையாம் என்று மாகாளி பதில் போட்டான்.

அவர்கள் குடியிருந்தது தெருவின் கிழக்கு வரிசையில் ஒரு வீட்டில். பேச்சியம்மாள் முதலில் தன் வீட்டிலேயே இருந்தாள். பிறகு, அங்கே பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று காரணம் சொல்லி, பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்துவிட்டாள்.

அந்தப் பங்குனியில் ஊர்க்கொடை வந்தது. எங்கள் பக்கத்துக் கொடையில் சாமிக்கு ஆடு வெட்டி, மறுநாள் காலை கோயில் முன்னால் கறியைப் பங்கு வைத்து, ஒலிபெருக்கியில் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கல்யாணம் ஆனவன் பெயரைச் சொல்லி, குடும்பம் என்று கூப்பிட்டால் அது முழுப் பங்கு. கல்யாணம் ஆகாதவனுக்கு அரைப் பங்கு. அரைப் பங்குக்காரனை வெறும் பெயரால் கூப்பிடுவார்கள், அவன் ஓரமாக வந்து வாங்கிக்கொண்டு போவான். மாகாளி இத்தனை வருஷமும் அப்படித்தான் வாங்கினான்.

கூப்பிட்டது குத்தாலிங்கம். நீராழித் தெரு கிழக்கு வரிசைக்கு வந்ததும் ஒலிபெருக்கியில் அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பந்தலில் எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். பேச்சியம்மாள் தரையில் கையை ஊன்றி எழுந்து நின்றாள். அவள் பக்கத்தில் ஜெபக்கனி எழுந்தாள். கால்வாய்க்கரைச் சனங்கள் எழுந்தார்கள். செய்யது பாய் கொடைக்குக் கரும்பு வாங்க வந்தவர், அவரும் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்.

குத்தாலிங்கம் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஊர் எல்லை வரை கேட்கும்படி கூப்பிட்டார்:

“நீராழித் தெரு, உச்சிமாகாளி வெள்ளத்துரை குடும்பம்!”

இருவரும் பந்தலின் நடுவழியாக நடந்து போனார்கள். வெள்ளத்துரையின் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் மணலில் வழி நெடுகப் புள்ளி வைத்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஓலைப்பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மாகாளியின் கண் கலங்கியிருந்தது, தலை நிமிர்ந்திருந்தது.

பேச்சியம்மாள் பெட்டியின் மேல் இலையை விலக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

“இது அரைப் பங்குல்லா?” என்றாள்.

“விடு அம்மா, கூப்பிட்டாங்கல்லா, அது போதும்.”

“என்னத்தப் போதும்? குடும்பம்னு ஊருக்கே கேக்கக் கூப்பிட்டுட்டு அரைப் பங்கப் போடுவாவளா?” அவள் பெட்டியைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கறி வைக்கும் இடத்துக்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். அங்கே அவள் குரல் உயர்ந்ததும் பந்தலே கேட்டது, தராசுக்காரன் மறுபேச்சுப் பேசாமல் அள்ளிப் போட்டதையும் பந்தலே பார்த்தது.

கனத்த பெட்டியோடு அவள் பந்தலின் நடுவழியாகவே திரும்பி வந்தாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், கேட்காமலே, “எம் பிள்ளைகளுக்கு” என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.